கலைவாணியின் சனிக்கிழமைகள்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடுகிறது. இப்படி என் பக்கத்தில் வாருங்கள். ஊரார் மனசையெல்லாம் சரிபண்ணுகிறவர்கள் முதலில் ஒரு நாற்காலியைச் சரிபண்ணக் கூடாதா? கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே கவுன்சலிங். கண் கோளாறு என்றால் கீழேயே நின்றுவிடலாம், மற்ற எல்லாக் கோளாறுக்கும் மாடி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் பைத்தியமாகவே இருக்க வேண்டியதுதான்.

அந்த முதல் அறைக்குள்ளே போயிருப்பது உங்கள் வீட்டுக்காரரா? சரி சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அதுதான் நாகரிகம்.

நான் வந்தது வேறு விஷயமாக. எனக்கு ஒன்றும் கிடையாது. என் பேர் அனுசூயா, திருச்சி, உறையூர். காலையில் பஸ் ஏறித் தஞ்சாவூர் வந்தேன். இங்கே எப்படி நடத்துகிறார்கள், ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் செய்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாமென்று. சிரிக்காதீர்கள். இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாது. போன மழைக்காலம் முழுக்க இதிலேதான் கிடந்தேன். நோயாளியாக இல்லை, அதை முதலில் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நடிகையாக.

ஆமாம், நடிகை. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கான்வென்டில் படிக்கும்போது நான் மேடையேறாத ஆண்டுவிழா கிடையாது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் பிள்ளைத்தாச்சிக்கு இடம் மறுக்கிற சத்திரக்காரியாக வந்து, "இடமில்லை, போங்கள் வெளியே!" என்று நான் போட்ட சத்தத்தில் முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. சிஸ்டர் பெர்னதீன் என் கன்னத்தைத் தட்டி, "அனுசூயா, யூ ஹேவ் எ வாய்ஸ்" என்றார். அந்த வாய்ஸை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக "குக்கர் எத்தனை விசில் வந்தது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது போகட்டும்.

எங்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஒரு பயிற்சி நிலையத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். மனநல சிகிச்சை செய்கிறவர்களை உருவாக்குகிற இடம். அவள்தான் வந்து கேட்டாள். "அக்கா, எங்க ஸ்டூடண்ட்ஸ் பேசிப் பழகணும். நிஜ ஆளுங்கள எடுத்த உடனே அவங்க கையில குடுக்க முடியாது. நோயாளி மாதிரி நடிக்க ஆள் வேணும். ஒரு மணி நேரம் விடாமப் பேசணும். எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

பாராட்டா, குத்தலா? ஸ்டெல்லா சொன்னால் இரண்டும்தான். நான் சரி என்றேன். சனிக்கிழமை மத்தியானம் எனக்கு என்ன வேலை? எங்கள் வீட்டுக்காரர் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மகள் புனேயில். சாப்பாட்டை மேஜையில் மூடிவைத்தால் முடிந்தது.

கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். நான் யார் என்று அதில் எழுதியிருக்கும். பேர் கலைவாணி. ஐம்பது தாண்டியவள். கல்யாணமானவள். அம்மா செத்து ஆறு மாதம், அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெருமுனையில் இட்லி விற்று மகளைப் படிக்கவைத்தவள். இவ்வளவுதான் சீட்டு. மிச்சத்தை நாமே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். நிஜத்தில் என் அம்மா திண்டுக்கல்லில் தம்பி வீட்டில் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறாள். பேப்பரில் ராசிபலன் படித்துவிட்டு எனக்குப் போன் போட்டுப் பயமுறுத்துவாள். ஆகவே கலைவாணிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் பேசிப் பழகவந்தவள் பேர் ஜெசிந்தா. முப்பத்தைந்து வயசிருக்கும், நர்ஸாக இருந்தவள். "ஏன்டியம்மா நல்ல வேலையை விட்டுட்டு இதுக்கு வந்தே?" என்று கேட்டேன். "அவசரப் பிரிவுல இருந்தேன் அக்கா. கட்டுப் போட்டு அனுப்புவோம். அதே பொம்பள ரெண்டு மாசத்துல அதே எடத்துல காயத்தோட வரும். மறுபடி கட்டுப் போடுவோம். அலுத்துப் போச்சு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் கையிலிருந்த பப்ஸைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன்.

அந்தப் படிப்பு இருக்கிறதே, அது ஒரு தினுசு. புத்தகம் படித்தால் போதாதாம். படிக்கிறவர்களே முதலில் இன்னொருவரிடம் போய் நோயாளியாக உட்கார்ந்து, தன் கதையெல்லாம் கொட்டி அழுது எழுந்து வர வேண்டுமாம். ஆபரேஷன் படிக்கிறவன் முதலில் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான் அக்கா" என்றாள்.

அவர்களுக்கு வாத்தியார் இருதயராஜ் சார். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல், எதைக் கேட்டாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வரும். எனக்கு அதுவே எரிச்சல். டீ வேளையில் ஒருநாள் அவரிடமே கேட்டேன், இதில் எந்த வைத்தியம்தான் உண்மை வைத்தியம் என்று. ஒரு கூட்டம் குழந்தைப் பருவத்தைக் கிளறு என்கிறதாம். ஒரு கூட்டம் நினைப்பைப் பிடித்து நிறுத்தி, நீ நிஜமா பொய்யா என்று விசாரி என்கிறதாம். ஒரு கூட்டம் ஒன்றும் செய்யாதே, சும்மா காது கொடு, அதுவே போதும் என்கிறதாம். இவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித்தருகிறார். எதிரே இருக்கிற ஆளைப் பார்த்து, அவருக்கு எது பொருந்துமோ அதை எடுக்க வேண்டும் என்றார்.

"ஃப்ரிட்ஜில இருக்கிற காயையெல்லாம் போட்டுக் கூட்டு வைக்கிற மாதிரியா சார்?" என்றேன்.

கொஞ்சம் பொறுத்தார். "கூட்டுதாம்மா. ஆனா எந்தக் காயை எதுக்காகப் போட்டேன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும். எப்ப அடுப்பை அணைக்கணும்னும் தெரியணும்."

அடுப்பை அணைப்பது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அறை சின்னது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நமக்கு நம் முகம் தெரியும். அந்தப் பக்கம் சாரும் மற்ற மாணவர்களும் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் நான் பாட்டுக்கு அதில் முகம் பார்த்து, பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஈயென்று இளித்து, முந்தானையை உதறிச் சொருகி, எல்லாம் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு வகுப்பே உட்கார்ந்திருந்ததாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. நடித்து முடித்ததும் வேஷத்தைக் கலைக்க வேண்டும். சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து, வேறு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, "நான் கலைவாணி இல்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொந்தப் பேர் சொல்ல வேண்டும், ஊர் சொல்ல வேண்டும், இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்ல வேண்டும். "நான் கலைவாணி இல்லை. நான் அனுசூயா. உறையூர். இன்னிக்கு வத்தக்குழம்பு." எனக்குச் சிரிப்பு தாங்காது. நான்சென்ஸ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே செய்வேன்.

முதல் சில சனிக்கிழமை ஜெசிந்தா வெறுமனே கேட்டாள். கேட்பது என்றால் நீங்கள் இப்போது கேட்கிறீர்களே, கதவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, அப்படி இல்லை. தப்பாகச் சொல்லவில்லை, உங்கள் கவலை உங்களுக்கு. அவள் கேட்டால் உடம்பு முழுக்கக் கேட்கும். நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அது முடிகிறவரை காத்திருப்பாள். முடிந்த பிறகும் காத்திருப்பாள். எனக்கு அது பழக்கமில்லை. எங்கள் வீட்டில் நான் பாதி சொல்லும்போதே டிவி சத்தம் கூடிவிடும், மீதியை நானே விழுங்கிக்கொள்வேன். ஆகையால் அங்கே வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல் முழித்தேன். அதாவது கலைவாணி முழித்தாள்.

அப்புறம் நினைப்பை விசாரிக்கிற வைத்தியம். "வீட்ல என்னை யாரும் ஒரு ஆளா நினைக்கிறதில்ல" என்று கலைவாணி சொன்னாள். "இதுக்கு என்ன ஆதாரம் இருக்கு கலைவாணி? அப்படி இல்லங்கிறதுக்கும் ஏதாவது ஆதாரம் இருக்கா? ரெண்டையும் பாக்கலாமா?" என்றாள் ஜெசிந்தா. ஆதாரமா? கேட்டது என்னை ஆயிற்றே. காய்ச்சலில் கிடந்தபோது கலைவாணியின் புருஷன் கட்டில் பக்கம் வந்து நின்றான்; நெற்றியைத் தொடப்போகிறான் என்று பார்த்தால், காபி ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டான். இடுப்புவரை இருந்த தலைமுடியை அவள் தோளோடு வெட்டிக்கொண்டு வந்தாள்; ஒரு மாசம் அவன் கவனிக்கவே இல்லை. குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள்தான், "என்னம்மா, முடியக் கட் பண்ணிட்டீங்க?" என்று கேட்டான். அப்போது புருஷன் பேப்பருக்கு மேலே தலையைத் தூக்கி, குழாயைப் பார்த்தான். மறுபக்க ஆதாரம் என்று ஒன்றும் அகப்படவில்லை.

சீட்டில் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அவ்வளவும் என் கற்பனை. சிஸ்டர் பெர்னதீன் சும்மாவா சொன்னார்?

என் முடியா? இது வெயிலுக்காக வெட்டியது.

எங்கள் வீட்டுக்காரர் அப்படியெல்லாம் இல்லை. தங்கமானவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஒரு அதட்டல் கிடையாது. முப்பது வருஷத்தில் ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நல்ல வார்த்தையும்தான். அவருக்கு அது வழக்கமில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "இந்தா" என்பார். இன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பெரிய கோயிலுக்குப் போகிறேன் என்றேன். "ம்" என்றார். வேறு யாராவதாக இருந்தால் யாரோடு, எதற்கு, எப்போது வருவாய் என்று குடைந்திருப்பார்கள். எவ்வளவு நிம்மதி பாருங்கள்.

எங்கே விட்டேன்? நினைப்பை விசாரிக்கிற வைத்தியம். ஜெசிந்தாவுக்குப் பரீட்சை வந்தது. அன்றைக்கு நடக்கிற பேச்சை வைத்துத்தான் அவளுக்குத் தேர்ச்சி. தேறினால் நிஜ ஆட்களைப் பார்க்கலாம். பாவம், சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். "நீ கவலப்படாத, நான் அழுதே காட்டறேன். கலைவாணிக்கு அழுகை வந்துட்டா நீ பாஸ்தானே?" என்று தைரியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

காலி நாற்காலி ஒன்றை என் எதிரே இழுத்துப் போட்டாள். அதுவும் ஒரு வைத்தியம். செத்துப்போனவர்களோ, பேச முடியாதவர்களோ அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். "உங்க அம்மா அங்க இருக்காங்க கலைவாணி. என்ன சொல்லணும்னு தோணுதோ சொல்லுங்க."

கட்டிலில் துணி மடித்துப் போட இடமில்லாமல் நாற்காலியில் குவிக்கிறவள் நான். காலி நாற்காலியோடு பேசு என்றால் எப்படி? இட்லிக்காரி அம்மா, இட்லிக்காரி அம்மா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். அப்புறம் பேச ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. ஆனால் கடைசியில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் அதிரக் கத்தினேனாம்.

"அந்தப் பேப்பரக் கீழ வைங்க! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பேப்பரக் கீழ வச்சிட்டு என் மூஞ்சியப் பாருங்க!"

அழுகை வந்தது. நன்றாகவே வந்தது. மூக்கு ஒழுகி, முந்தானை நனைந்து, பார்க்க லட்சணமாக இருந்திருக்காது. மேடையில் நான் இப்படி அழுததே இல்லை.

ஜெசிந்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாத இட்லிக்கார அம்மா ஞாபகம் வந்திருக்கும்தானே? அவளிடமும் சீட்டு இருந்ததே. அந்த அம்மா கையில் ஏது பேப்பர்? முகம் ஒரு நொடி மாறியது. சட்டப்படி அந்த இடத்தில் அவள் கையைத் தூக்கி, "நிறுத்திக்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டுமாம். நடிக்கவந்தவளின் சொந்தக் கதை உள்ளே புகுந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட வேண்டுமாம். அவள் அணைக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள். கலைவாணி என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லுங்க. அவ்வளவுதான்.

நான் சொன்னேன்.

முடிந்ததும் இருதயராஜ் சாரே உள்ளே வந்து, வேறு நாற்காலியைக் காட்டினார். வேஷம் கலைக்க. எழுந்தேன், மாறி உட்கார்ந்தேன். "நான் கலைவாணி இல்லை" என்று ஆரம்பிக்க வேண்டும். வாய் வரவில்லை. "இன்னிக்கு முருங்கைக்காய் சாம்பார்" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

ஜெசிந்தாவுக்குத் தேர்ச்சி கொடுக்கவில்லை. ஆறு மாதம் திரும்பப் படி என்று சொல்லிவிட்டார்கள். என்னை, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயமா? நீங்களே சொல்லுங்கள். அவர்களிடம் இருந்த நடிகர்களில் நான்தான் முதல். அழு என்றார்கள், அழுதேன். அதற்குத் தண்டனையா?

நேரே போய்ச் சண்டை போட்டேன். "அந்தப் பொண்ணு என்ன தப்பு செஞ்சா? கேட்டா. நல்லாக் கேட்டா. கேக்கிறதுக்குத்தானே இங்க சொல்லிக்குடுக்கிறீங்க?"

இருதயராஜ் சார் பொறுத்தார். வழக்கத்தைவிடக் கூடுதலாகவே பொறுத்தார். "ஜெசிந்தா நல்லாத்தான் கேட்டாங்கம்மா. ஆனா நீங்க நடிக்க ஒத்துக்கிட்டு வந்தீங்க. உங்க மனசத் தொறக்கச் சொல்லி நீங்க கேக்கல. கேக்காத ஒருத்தரத் தொறந்து பாக்கக் கூடாது. அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்துப் பேரு உக்காந்திருக்கும்போது."

"என் மனசா? அது கலைவாணி சார்!"

"கலைவாணிக்கு எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அப்படி ஒருத்தர் இல்ல. நீங்க உங்க பேர்ல வாங்க. இங்க வேண்டாம், எனக்குத் தெரிஞ்ச நல்லவங்க ஒருத்தர் இருக்காங்க, அனுப்புறேன். எப்ப வேணும்னாலும்."

என் பேரில்! பார்த்தீர்களா திமிரை? உதவி செய்யப் போனவளைப் பிடித்து நோயாளியாக்குகிறார். அனுசூயாவுக்கு என்ன வந்தது? சொந்த வீடு, தங்கமான புருஷன், மாதம் தவறாமல் போன் பண்ணுகிற மகள். அனுசூயா போய் ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து எதைச் சொல்வாள்? யாராவது கேட்டால் சிரிப்பார்கள். "உங்க வேலையப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜெசிந்தா ஒருநாள் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தவள், என்னையும் எட்டிப் பார்த்தாள். கோபமே இல்லை. "தப்பு என்னோடதுதான் அக்கா. நிறுத்தணும்னு தெரியும். மனசு வரல" என்றாள். காபி கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டாள், படித்தவள் அல்லவா. நான்தான் காபிக்குச் சர்க்கரை போதுமா, போதுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமை என்று ஒன்று வருகிறதே, அது முடிவதே இல்லை. பீரோவை அடுக்கினேன். மறுவாரம் அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். ஒரு மத்தியானம் என்னையறியாமல் பஸ் ஸ்டாப்புக்கே போய்விட்டேன், கையில் பையோடு. அலுப்பாக இருக்கிறது. உடம்பு அலுப்பு இல்லை. அரை அரையாக விழுங்கின வாக்கியமெல்லாம் ஜீரணமாகாமல் உள்ளே கிடந்தால் ஓர் அலுப்பு வருமே. உங்களுக்கு வராது, நீங்கள் அதிகம் பேசாதவர்.

உங்கள் வீட்டுக்காரரை எப்படிச் சம்மதிக்கவைத்தீர்கள்? என்னது? அவரேவா? அவரே வருகிறேன் என்று சொன்னாரா? "எனக்கு ஒரு மாதிரி இருக்கு, நீயும் கூட வா" என்றாரா?

கூட வா என்றாரா.

நல்லது. நல்லதுங்க. இந்த விசிறிக்காற்று கண்ணில் படுகிறது, தூசி வேறு. ஒன்றுமில்லை, நீங்கள் உட்காருங்கள்.

ஆகவே விசாரித்தேன். திருச்சியில் வேண்டாம், அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தஞ்சாவூரில் இந்த இடம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த இரண்டாவது அறையில் இருக்கிற அம்மா எல்லா முறையும் கலந்து செய்கிறவராம், ஆளைப் பார்த்து எடுப்பாராம். சரி, எந்தக் காயை எதற்குப் போடுகிறார் என்று கேட்டுவிடுவோம், அந்த அம்மாவின் படிப்பு லட்சணத்தையும் பார்த்துவிடுவோம் என்றுதான்...

வாசல் மேஜைப் பெண் கூப்பிடுகிறாளா? என்ன பேர் சொன்னாள்?

கலைவாணி. ஆமாம், கலைவாணிதான். இதோ வரேன்மா, ஒரு நிமிஷம்!

அப்படிப் பார்க்காதீர்கள். போனில் பேர் கேட்டபோது வாயில் அதுதான் வந்தது. அவளுக்கு அம்மா செத்திருக்கிறாள், பாவம், அழ ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது?

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போன் இருக்கிறது. அடிக்காது. கோயிலுக்குப் போனவளை யார் கூப்பிடப்போகிறார்கள்? சாப்பாடு மேஜைமேல் மூடித்தான் இருக்கிறது.

ஒருவேளை அடித்தால், நீங்கள் எடுக்காதீர்கள். ஓடிவந்து கதவைத் தட்டுங்கள். உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தாலும் சரி, தட்டுங்கள். அனுசூயா என்று கூப்பிடுங்கள்.